சந்தையும் களத்துமேடும்: மார்க்கச் சட்டம் கூறுவதென்ன?

மத்ரஸாக்களில் பிக்ஹு ஓதும் மாணவர்கள் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய வணக்கங்களின் பாடங்களை முடித்தவுடன் ‘கிதாபுல் புயூஃ’ என்னும் வியாபாரப் பாடத்திற்கு வந்து விடுகின்றனர். நம் பகுதியில் ஓதப்படும் ஷாபிஈ சட்ட நூல்களில் நிகாஹுடைய பாடங்கூட அதற்குப் பின்னர்தான் வருகின்றது. இருந்தும் நம் மக்களிடம் பேசிப் பார்த்தால், ஒளுவை முறிப்பவை எவையென்று கேட்டுத் தெரிந்து கொண்டவர்கள் ஏராளம்; வியாபாரத்தை முறிப்பவை எவையென்று கேட்டுத் தெரிந்து கொண்டவர்கள் மிகக் குறைவு. காரணம், சந்தை வேறு, தீன் வேறு என்ற எண்ணம் ஊறிப்போய் விட்டது.

இந்த எண்ணத்திற்கு ஆதாரமாக ஒரு ஹதீதையே சிலர் எடுத்துக் காட்டுகின்றனர். ஊர்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான இடங்கள் பள்ளிவாசல்கள் என்றும், மிகவும் வெறுப்பான இடங்கள் சந்தைகள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. அப்படியானால் சந்தையை விட்டு ஒதுங்குவதுதானே தக்வா என்று கேட்கின்றனர். அங்கே நடக்கும் பொய்ச் சத்தியம், ஏமாற்று, வட்டி ஆகியவற்றின் காரணமாகவே சந்தை அவ்வாறு கூறப்பட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கின்றனர். உணவு உண்டு கடைவீதிகளில் நடமாடுகின்ற இவர் எப்படித் தூதராக இருக்க முடியும் என்று மக்கத்துக் காபிர்கள் பரிகசித்தபோது, முன்னர் வந்த தூதர்களும் உணவு உண்டு கடைவீதிகளில் நடமாடியவர்களே என்ற கருத்தில் அல்லாஹ் ஸூரத்துல் புர்கானில் பதில் இறக்கினான். எனவே சந்தைக்குப் போவது குறையன்று. சட்டம் தெரியாமல் போவதுதான் குறை.

ஹிஜ்ரத்துச் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கின்றதென்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. பாலாடைக் கட்டியும் நெய்யும் வாங்கி விற்றுத் தொடங்கிய வியாபாரம் அது. கடையில்லை, கட்டிடமில்லை, முதலும் பெரிதாக இல்லை. நம் ஊர்களில் கூடையில் கீரையும் வெள்ளரிப் பிஞ்சும் வைத்துக்கொண்டு தரையில் சாக்கு விரித்து அமர்கின்றார்களே, அவர்களுடைய தொழிலும் அத்தகையதே.

பழைய தஞ்சை ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கின்றது. தஞ்சையின் காமராஜர் மார்க்கெட்டும் பூக்காரத் தெருவும், கும்பகோணத்திற்கு அருகே தாராசுரத்தின் காய்கறி மார்க்கெட்டும், ஊருக்கு ஊர் கூடும் வாரச் சந்தைகளும் இல்லாவிடில் இம்மாவட்டங்களில் அடுப்பு எரியாது. ஆனால் காவிரிப் பாசனத்தின் பெரிய சந்தை கூரையின் கீழ் கூடுவதில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலும் சாலையோரத்திலும் நெல் குவியலுக்குப் பக்கத்தில் அது நடக்கின்றது. இவ்விரண்டு சந்தைகளையும் பற்றி மார்க்கம் கூறுவதை இங்கே ஆராய்வோம்.

சுங்கமில்லாச் சந்தை

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலை அமைத்தது போலவே சந்தைக்கென்றும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்விடம் முஸ்லிம்களின் சந்தையென்றும், அதனை யாரும் நெருக்கிக் குறுக்கக் கூடாது, அதில் வரி விதிக்கவும் கூடாது என்றும் கூறியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கின்றது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீதுக் கலையினர் குறை பேசியிருக்கின்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் சந்தையில் அநியாயமாகத் தண்டப்படும் ‘மக்ஸு’ என்னும் சுங்கத்தைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை வேறு ஹதீதுகளிலும் வந்திருக்கின்றது. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் செய்த சீர்திருத்தங்களில் இந்த மக்ஸை ஒழித்ததும் ஒன்றாகும்.

இது அரபு நாட்டுச் செய்தி என்று நம்மவர் நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திரிபுவனமாதேவிப் பேரங்காடி முதலிய அங்காடிகளின் பெயர்கள் காணப்படுகின்றன. 1070-இல் பட்டத்திற்கு வந்த முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் வழங்கியது. அவன் வென்ற நாடுகளின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றது? சுங்கத்தை நீக்கியதற்காகவே இம்மண்ணில் அவன் பெயர் நின்றது. சந்தைக்குப் போகின்றவனுடைய மடியில் கை வைக்காத அரசனை மக்கள் மறப்பதில்லை போலும்.

இன்று சந்தைக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி மன்றங்கள் ஏலம் விடுகின்றன. ஏலம் எடுத்தவர் தரைக்கடைக்காரரிடம் நாள்தோறும் அடிக்காசு வாங்குகின்றார். நம் சமுதாயத்தைச் சேர்ந்த சிலரும் இக்குத்தகையில் ஈடுபட்டிருப்பதால் இதன் சட்டத்தைச் சற்று விளக்கமாகவே கூறுவோம். கூரை, விளக்கு, தண்ணீர், துப்புரவு ஆகியவற்றுக்காக மன்றம் நிர்ணயித்த தொகையை வாங்குவது பயன்பாட்டுக்குரிய கூலியின் வகையில் அடங்கும் என்று கொள்ள இடமிருக்கின்றது. ஆனால் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும், ரசீது கொடுக்காமல் வாங்கினாலும், கூடையைக் காலால் தள்ளி மிரட்டி வாங்கினாலும் அது பிறர் பொருளை அநியாயமாக உண்பதே. ஏலத்தில் அதிகத் தொகை கட்டிவிட்டோமே, எப்படி ஈடுகட்டுவது என்று குத்தகைதாரர் கேட்பதில் பொருளில்லை. அவர் ஏலத்தில் கண்ட நட்டத்திற்குக் கீரை விற்கும் கிழவி பொறுப்பாக மாட்டாள்.

முந்தி வந்தவரின் உரிமை

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் நூல். தரிசு நிலத்தைத் திருத்துவது பற்றிய பாடத்தில், பொது வீதியில் வியாபாரத்திற்காக அமர்வோரின் சட்டமும் அதில் கூறப்பட்டிருக்கின்றது. நடப்பவர்களுக்கு நெருக்கடி ஏற்படாத வரை வீதியில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்யலாம். அதற்கு ஆட்சியாளரின் அனுமதிகூடத் தேவையில்லை. வெயிலுக்குப் பாய் போன்றவற்றால் நிழல் செய்து கொள்ளலாம். ஓரிடத்திற்கு முந்தி வந்தவருக்கே அதில் முதல் உரிமை. தொழிலைக் கைவிட்டுப் போனாலோ வேறிடத்திற்கு மாறினாலோ அவருடைய உரிமை நீங்கிவிடும். திரும்பி வரும் எண்ணத்துடன் போனவருக்கு நீங்காது. ஆனால் அவரைத் தேடி வரும் வாடிக்கையாளர்கள் அவரை விட்டு வேறொருவரிடம் பழகிவிடும் அளவுக்கு நெடுநாள் வராதிருந்தால் நீங்கிவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். தரைக்கடைக்காரருக்குச் சொந்தமாக நிலமில்லை. ஆனால் வாடிக்கை என்ற ஒரு சொத்து இருக்கின்றது. அந்தச் சொத்துத்தான் உரிமையின் அளவுகோல் என்று ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்திருக்கின்றனர். காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வந்த பெண்ணின் இடத்தில் வேறொருவர் சாக்கு விரித்துக்கொண்டு, காலியாகத்தானே கிடந்தது என்று வாதாடும் வழக்கு எந்தச் சந்தையில் இல்லை?

இந்திய அரசு 2014-இல் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நகரிலும் வியாபாரக் குழு அமைத்து, தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் அவ்வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். நம் கடைவீதி வியாபாரிகள் சிலர் தம் கடை வாசலில் அமர்ந்திருக்கும் பழக்காரரை விரட்டுமாறு அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கின்றனர். கடை வாசலை அடைத்தாலும் பாதையை அடைத்தாலும் தடுக்க உரிமையுண்டு. வியாபாரப் போட்டியை ஒழிப்பதற்காகவே விரட்டினால் மின்ஹாஜும் அவர்களுக்குத் துணை வராது, நாட்டின் சட்டமும் துணை வராது. வேறு சிலர் தம் கடைக்கு முன்னாலுள்ள அரசாங்கத் தரைக்கே நாள் வாடகை வாங்குகின்றனர். தமக்குச் சொந்தமில்லாத இடத்திற்கு வாடகை வாங்குவது எந்தக் கிதாபில் ஆகுமென்று இருக்கின்றது?

மழை பட்ட நெல்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டால் குறுவை செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். நெல்லை உலர்த்த வெயில் கிடைக்காது. 1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் இருந்தால் நெல்லை வாங்க மாட்டார்கள். சம்பாவுக்கும் இந்தச் சோதனை வருவதுண்டு. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் பருவந்தவறி மழை கொட்டியபோது, மாநில அரசு 22 சதவீதம் வரை வாங்க அனுமதி கேட்டது. மத்திய அரசு 20 வரை தளர்த்திக் கொடுத்தது. 17-க்கும் 20-க்கும் நடுவிலுள்ள அந்த மூன்று புள்ளியில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு நின்று கொண்டிருந்தது.

இனி ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் சம்பவத்தைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று குவியலின் சொந்தக்காரரிடம் கேட்டார்கள். மழை பெய்துவிட்டது, நாயகமே என்று அவர் கூறினார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீதை மேடையில் கூறுவோர் பலரும் கடைசி வாக்கியத்தை மட்டும் கூறிவிட்டுப் போகின்றனர். நடுவில் இருக்கும் கேள்வியைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மழை பட்ட தானியத்தை ஏன் விற்கின்றாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கவில்லை. ஈரத் தானியத்தைச் சந்தையிலிருந்து எடுத்துப் போகும்படி உத்தரவிடவும் இல்லை. மழை அல்லாஹ்விடமிருந்து வருவது. அதற்கு விற்பவர் குற்றவாளியல்லர். ஈரத்தை அடியில் வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். ஈரம் மேலே இருந்திருந்தால், அதற்கேற்ற விலைக்கு ஒருவர் வாங்கியிருப்பார், வியாபாரமும் ஆகுமாயிருக்கும்.

ஆகவே தனியார் வியாபாரியிடம் நெல் போடும் நம் விவசாயச் சகோதரர்கள், தார்ப்பாயின் கீழே சிக்கி முளை கண்ட நெல் இத்தனை மூட்டை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்து விற்றால், குறை தெரிய வரும்போது சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. மறைத்த பாவம் தனி. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கிக் கொண்டால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்யப்படும் என்ற கருத்துள்ள ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றது.

மறுபக்கமும் ஒன்றுண்டு. ஈரத்தைக் காரணங்காட்டி எடையில் கூடுதலாக எடுப்பது, ‘கழிவு’ என்ற பெயரில் மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ தள்ளுவது ஆகியவை பற்றி ஒவ்வோர் அறுவடைக் காலத்திலும் பத்திரிகைகளில் புகார் வருகின்றது. 2025–26 பருவத்தில் தமிழகத்தில் சாதாரண ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2500 ரூபாய், சன்ன ரகத்திற்கு 2545 ரூபாய். அதாவது சாதாரண ரகத்தில் 40 கிலோ மூட்டை 1000 ரூபாய், கிலோ 25 ரூபாய். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால் 100 மூட்டைக்கு 2500 ரூபாய் போகின்றது. பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கிக் கொடுக்கும்போது குறைப்போரைப் பற்றி அல்லாஹ் ‘முதஃப்ஃபிபீன்’ என்று ஒரு ஸூராவையே இறக்கியிருக்கின்றான். முன்பே பேசிக்கொண்டு இருவரும் பொருந்தி விலையைக் குறைப்பது வேறு. தராசில் கை வைப்பது வேறு. முன்னது பேரம், பின்னது களவு.

வழிமறித்து வாங்குதல்

வியாபாரப் பாடத்தில் தடுக்கப்பட்ட முறைகளில் ‘தலக்கீ’ என்பது ஒன்று. சரக்குடன் ஊருக்கு வரும் கூட்டத்தினரைச் சந்தைக்கு வந்து சேருமுன், சந்தை விலையை அவர்கள் அறியுமுன், வழியிலேயே போய்ச் சந்தித்து வாங்கிவிடுவதே தலக்கீ. நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்திருக்கின்றார்கள். அவ்வாறு வாங்கப்பட்டால், சரக்கின் சொந்தக்காரர் சந்தைக்கு வந்த பின்னர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் ‘கியார்’ அவருக்கு உண்டென்றும் முஸ்லிமின் அறிவிப்பில் வருகின்றது. ஷாபிஈ மத்ஹபில் இது ஹராம்; விலை தெரியாமல் குறைவாக விற்று ஏமாந்தவருக்குக் கியார் உண்டு; வியாபாரம் மட்டும் செல்லும். ஹனபீ மத்ஹபில் ஊராருக்கு இடையூறு ஏற்பட்டாலோ விலையை மறைத்தாலோ மக்ரூஹ் ஆகும்.

நம் பகுதியில் தரகர் களத்துமேட்டுக்கே வந்து நெல்லை விலை பேசுகின்றார். இது தலக்கீ ஆகுமா என்று கேட்கின்றனர். நேரடியாகப் பார்த்தால் ஆகாது. விவசாயி சரக்குடன் பிரயாணம் வந்தவரல்லர். தம் களத்தில் நிற்கின்றார். கையில் செல்போன் இருக்கின்றது, விலையும் தெரிந்திருக்கலாம். ஆயினும் இந்தத் தடையின் நோக்கமென்ன என்பதைப் பார்க்க வேண்டும். விலை அறியாதவரின் அறியாமையை முதலாக்கிச் சம்பாதிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். எனவே கொள்முதல் நிலையம் இந்த வாரம் திறக்காது, சாக்கு இல்லையாம், ஈரமென்று தள்ளிவிடுவார்களாம் என்று பொய்ச் செய்தி சொல்லிப் பயமுறுத்தி மூட்டைக்கு 200 ரூபாய் குறைத்து வாங்குகின்றவர், பெயரளவில் தலக்கீ செய்யாவிட்டாலும் அதன் பாவத்தில் வந்து விழுகின்றார் என்பதே நம் கருத்து. உண்மையைச் சொல்லி, உடனே ரொக்கம் தருகின்றேன், லாரியும் என் செலவு, அதனால் இவ்வளவுதான் தர முடியும் என்று பேசுகின்றவர் மீது எந்தக் குற்றமுமில்லை. அவர் செய்வது தேவையான ஊழியம். அவர் இல்லாவிட்டால் சிறு குத்தகை விவசாயி பல நாட்கள் சாலையோரம் நெல்லுக்குக் காவலிருக்க வேண்டும்.

அரசு விலை நிர்ணயிப்பது ‘தஸ்ஈர்’ ஆகாதா, மதீனாவில் விலை ஏறியபோது விலை கட்டுமாறு கேட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து விட்டார்களே என்று ஒரு சந்தேகமும் எழுப்பப்படுகின்றது. தஸ்ஈர் என்பது இந்த விலைக்கு மேல் விற்காதே என்று பிறர் பொருளின் மீது கட்டாயம் செய்வதாகும். கொள்முதல் விலை அப்படிப்பட்டதன்று. அரசே ஒரு வாங்குபவராக வந்து, நான் இவ்வளவு தருகின்றேன் என்கின்றது. அதிகம் தருபவரிடம் விற்க எவருக்கும் தடையில்லை.

ஆனால் வேறொரு தவறு இங்கே நடக்கின்றது. வியாபாரி குறைந்த விலைக்கு வாங்கிய நெல்லை, வேறொருவருடைய சிட்டா, அடங்கலைக் காட்டி, விவசாயியின் பெயரில் கொள்முதல் நிலையத்தில் போடுகின்றார். சிட்டா கொடுத்தவருக்கு ஏதோ ஒரு தொகை. இலாபம் தானே, யாருக்கு நட்டம் என்கின்றனர். இது பொய்ச் சான்று. அந்த நிலையத்தில் வரிசையில் நிற்கும் உண்மையான விவசாயியின் மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவது. சிட்டா கொடுத்து உதவியவரும் இதில் பங்காளியே.

தரகைப் பற்றி இன்னொன்று. மணப்பாறை போன்ற மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்டு விலை பேசும் பழக்கம் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாமலிருக்க இப்படிச் செய்கின்றனர். விற்பவரும் வாங்குபவரும் விலையை அறிந்து, வாய்மொழியாக ஈஜாப் கபூலை முடித்துக் கொண்டால் மற்றவருக்குத் தெரியாதது வியாபாரத்தைக் கெடுக்காது. தரகர் விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் ஒரு விலையும் காட்டி இடையில் எடுத்துக்கொண்டாலோ கெட்டது. அவருக்குரியது பேசிய தரகுக் கூலி மட்டுமே. தமிழகத்தில் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கி மாவட்டந்தோறும் பரவிய உழவர் சந்தைகளில் இந்த இடைத்தரகு இன்றி விவசாயியே தராசைப் பிடிக்கின்றார். நகரவாசி கிராமவாசிக்காகத் தரகராகி விற்க வேண்டாம், மக்கள் ஒருவரால் ஒருவர் ரிஸ்கு பெறட்டும் என்ற கருத்திலுள்ள ஹதீதை ஓதியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நன்மை எளிதில் விளங்கும்.

முன்பணம்: ஸலமா, வட்டியா?

இதுவே நம் பகுதியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் மஸ்அலா. நாற்று விடும் காலத்தில் விவசாயி கையில் காசிருக்காது. நெல் வியாபாரியிடம் போய் 20,000 ரூபாய் வாங்குகின்றார். அறுவடையானதும் நெல்லை எனக்கே போட வேண்டும், அன்றைய விலையில் மூட்டைக்கு 50 ரூபாய் குறைத்துக் கொள்வேன் என்று வியாபாரி பேசிக் கொள்கின்றார். விளையாமற் போனால் பணத்தை வட்டியுடன் திருப்ப வேண்டும். கொடுப்பவர் முஸ்லிமாயிருந்தால், நான் வட்டி வாங்கவில்லை, முன்பணந்தான் கொடுத்தேன் என்கின்றார்.

முன்பணம் கொடுத்து விளைபொருள் வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அம்மக்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னரே பணம் கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அதனை அனுமதித்தார்கள். இதற்கே ‘ஸலம்’ என்று பெயர். விவசாயத்திற்கு வட்டியில்லாமல் முதல் கிடைக்க மார்க்கம் திறந்து வைத்த வாசல் இது. ஆனால் அந்த வாசலுக்கு நிலைப்படிகள் உண்டு.

ஸலமில் முழு விலையும் பேசிய இடத்திலேயே, பிரியுமுன் கொடுக்கப்பட வேண்டும். ஆடுதுறை 45 ரகம், நன்கு உலர்ந்தது, 40 கிலோ எடையில் 25 மூட்டை, தை மாதம் இத்தனையாம் தேதி, இந்த ஊர்க் களத்தில் ஒப்படைப்பு என்று அனைத்தும் பேசியாக வேண்டும். 25 மூட்டைக்கும் சேர்த்து 20,000 என்று விலையும் அன்றே முடிந்துவிட வேண்டும். ‘அன்றைய விலையில் குறைத்து’ என்பது ஸலமில் செல்லாது. அறுவடையின்போது மூட்டை 1000 விற்றாலும் 700 விற்றாலும் பேசியது பேசியதே. 800 வீதம் முன்னரே வாங்கியவருக்கு அதில் இலாபம் கிடைத்தால் அது ஹலாலான இலாபம். நட்டமும் அவரைச் சேர்ந்ததே.

பலருக்குத் தெரியாத நிபந்தனை ஒன்றிருக்கின்றது. இந்த வயலில், இந்த மாவில் விளையும் நெல் என்று குறிப்பிட்டு ஸலம் செய்யக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் முன்பணம் கொடுத்து, இன்னாருடைய தோட்டத்துப் பழம் என்று கேட்டபோது, தோட்டத்தைப் பெயர் குறிப்பிட மறுத்து, அளவும் தவணையும் மட்டும் கூறினார்கள். அந்த வயல் மூழ்கிவிட்டால் என்ன செய்வது? பொதுவாக இத்தகைய நெல் என்றிருந்தால் விவசாயி பக்கத்து ஊரில் வாங்கியாவது கொடுக்கலாம். பகுதி முழுவதும் வெள்ளம் வந்து அந்த ரக நெல்லே கிடைக்காமற் போனால், முன்பணம் கொடுத்தவர் அடுத்த அறுவடை வரை பொறுக்கலாம். அல்லது ஒப்பந்தத்தை முறித்துத் தம் 20,000 ரூபாயை மட்டும் திரும்பப் பெறலாம். ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் ரிபா.

இனி முன்னர் கூறிய 50 ரூபாய்ப் பேச்சைப் பாருங்கள். அங்கே நெல்லின் அளவு பேசவில்லை, விலையும் பேசவில்லை. கொடுத்த 20,000-மும் நெல்லின் விலையன்று, கடன். கடனுக்காகவே மூட்டைக்கு 50 ரூபாய் இலாபம். கடன் கொடுத்தவர் நிபந்தனை போட்டு அடையும் எந்தப் பலனும் வட்டி என்பது நான்கு மத்ஹபுகளும் ஒத்துக்கொண்ட விதி. முன்பணம் என்று பெயர் வைத்தாலும் அது வட்டியே. நம் அரிசி மண்டிக்காரர்கள் இதே பணத்தை ஸலமாக மாற்றிக் கொடுக்க ஒரு துண்டுக் காகிதமும் கால் மணி நேரப் பேச்சும் போதும். செய்யாமலிருப்பது சோம்பலா, அல்லது இலாபமும் வேண்டும் நட்டம் மட்டும் வேண்டாம் என்ற எண்ணமா என்பதை அவரவர் யோசித்துக் கொள்ளட்டும்.

காலைக் கடன்

தரைக்கடைகளின் நிலை இதைவிட மோசம். விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டில் சரக்கெடுக்க 900 ரூபாயை ஒருவர் கொடுக்கின்றார். மாலையில் 1000 ரூபாயாக வாங்கிக்கொள்கின்றார். மாதத்தில் 26 நாள் கடை போட்டால் 900 ரூபாய் முதலுக்கு 2600 ரூபாய் வட்டி. தமிழக அரசு 2003-இல் கந்துவட்டியைத் தடுத்துச் சட்டம் கொண்டு வந்தது. மத்திய அரசு 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கடன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் வட்டி இருக்கின்றது. தவறாமல் கட்டியவருக்கு அதில் ஒரு பகுதி மானியமாகத் திரும்பக் கிடைக்கும்.

நம் ஜமாஅத்துகளில் பைத்துல்மால் இருக்கின்றது. பெரும்பாலும் ஜகாத் நிதி ரமளானில் சேர்ந்து ரமளானிலேயே பங்கிடப்பட்டு விடுகின்றது. ஜகாத்தைக் கடனாகச் சுழற்ற நாம் சொல்லவில்லை. அதற்குரியவர்க்கு அதனை உடைமையாக்கிவிட வேண்டும். நன்கொடையாகத் தனி நிதி சேர்க்கலாம். 50,000 ரூபாய் இருந்தால் 50 பேருக்கு ஆளுக்கு 1000 ரூபாய் ‘கர்ளன் ஹஸனா’ கொடுக்க முடியும். நாளொன்றுக்கு 50 ரூபாயாகத் திருப்பினால் இருபது நாளில் முதல் திரும்பி வந்து அடுத்த ஐம்பது பேருக்குப் போகும். தண்டல்காரருக்குத் தினமும் 100 ரூபாய் வட்டி மட்டும் கட்டியவருக்கு முதலில் 50 ரூபாய் கட்டுவது கஷ்டமன்று. வாங்குபவர் முஸ்லிமா, இந்துவா என்று இந்த நிதியில் பார்க்க வேண்டிய அவசியமுமில்லை. நன்கொடை கொடுப்போரின் நிய்யத்தை மட்டும் அவ்வாறு பெற்றுக்கொள்ள வேண்டும். கணக்கெழுதும் செலவைக் கடன் வாங்குபவர் தலையில் ‘சேவைக் கட்டணம்’ என்று சதவீதமாகப் போட்டால் மறுபடியும் வட்டியின் வாசலுக்கே வந்துவிடுவோம். ஜமாஅத்தின் பொது வருமானத்திலிருந்து அதைக் கொடுக்க வேண்டும்.

பள்ளிவாசல் முன் கடை

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் முன்னால் பழம், அத்தர், தொப்பி, காய்கறி விற்போர் அமர்கின்றனர். பாங்கு சொன்னவுடன் நிர்வாகிகள் கூடைக்காரப் பெண்களையும் விரட்டுவதை நாம் காண்கின்றோம். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விடும்படி அல்லாஹ் கட்டளையிட்டது ஜும்ஆ கடமையானவர்களை நோக்கியேயாகும். இமாம் மிம்பரில் அமர்ந்த பின் சொல்லப்படும் பாங்கிலிருந்து தொழுகை முடியும் வரை அவர்கள் விற்பதும் வாங்குவதும் ஹராம். ஜும்ஆ கடமையில்லாத முஸ்லிம் பெண், கடமையான ஆணுக்கு அந்நேரம் விற்றால் அவளும் பாவத்துக்கு உடந்தையாகின்றாள் என்று ஷாபிஈ நூல்களில் இருக்கின்றது. ஆனால் வழியை அடைக்காமல் ஓரமாகக் கூடையுடன் அமர்ந்திருப்பதில் யார் மீதும் குற்றமில்லை. எனவே நிர்வாகிகள் தடுக்க வேண்டியது, பாங்குக்குப் பிறகும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொய்யாப் பழத்துக்குப் பேரம் பேசி நிற்கும் ஆண்களைத்தான். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி அதே ஸூராவில் வருகின்றது. அப்போது அப்பெண்களின் கூடை அங்கேயே இருக்கட்டும்.